மியூசியத்து மாதாவுக்கு ஒரு கைப்பிடி உப்பு

1

தெருக் குழாயடியில் நான் சொன்னது போதாதா உங்களுக்கு? அதைக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்தும் விட்டு, இப்போது "உண்மையில் என்ன நடந்தது, எழுதி அனுப்பச் சொல்லுங்கள்" என்று ஜெசிந்தா டீச்சரைத் தூது விட்டால் என்ன அர்த்தம்? ஆரப்பாளையத்தில் யாருக்கும் வேறு வேலை இல்லையா? முதலில் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டதா என்று போய்ப் பாருங்கள். அடுத்தவள் மகள் வேலை பார்க்கும் இடத்தில் அடுத்தவள் போய் என்ன வம்பு செய்தாள் என்று தெரிந்துகொள்ள இம்புட்டு ஆசை ஆகாது.

பாலை இறக்கியாயிற்றா? சரி, உட்காருங்கள்.

நான் கொட்டாம்பட்டியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். போனேன் என்றுதான் சொன்னேன், படித்தேன் என்று சொல்லவில்லை. அதனால் நான் போனில் பேசி அனுப்புகிறேன், டீச்சர் எழுதிக்கொள்கிறார். திருத்தமான தமிழ் டீச்சருடையது. வம்பு என்னுடையது. நம் கோயில் பங்குப் பத்திரிகையில் போடும்போது இரண்டில் எது யாருடையது என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஆரோக்கியமேரி. நம் பெண்கள் பள்ளி ஹாஸ்டலில் சமையல் செய்தவள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, என் ஒரே மகள் ஸ்டெல்லா என்னை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிவந்துவிட்டாள். எந்த ஊர் என்று எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. ட்ராம் ஓடும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு இங்கே வெயில் கொளுத்தும். அந்த ஒரு நாள் மட்டும் நான் மதுரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு விசிறிக்கொள்வேன்.

2

ஸ்டெல்லா என்ன வேலை பார்க்கிறாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "மியூசியத்தில் பெரிய வேலை" என்று மழுப்பியிருக்கிறேன். உங்களிடம் மறைக்கவில்லை. எனக்கே புரியவில்லை.

நம் ஊரில் மியூசியம் என்றால் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போய் வரிசையாகத் திருப்பிக் கூட்டிவரும் இடம். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். உள்ளே என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. வெளியே மரத்தடியில் புளிச்சோறு பத்தாமல் போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இங்கே இருப்பது படங்களும் சிலைகளும் வைத்திருக்கும் மியூசியம். அங்கே வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் படங்களைக் காட்டுவதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், சம்பளம் கிடையாது. அந்தச் சம்பளமில்லாத வேலைக்கு ஒரு வருடம் பயிற்சி, கடைசியில் பரீட்சை. அந்தப் பரீட்சையில் ஃபெயிலும் ஆகலாம். பாஸானால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வில்லை கொடுப்பார்கள். இந்தப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் என் மகள்தான் தலைவி.

அவள் பாடம் ரொம்பச் சின்னது. படத்தின் முன்னால் ஆட்களை நிறுத்து. நீ தெரிந்து வைத்திருப்பதைக் கொட்டாதே. "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு.

எவ்வளவு நேரம் என்று நான் கேட்டேன். ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லும் நேரம் என்றாள் ஸ்டெல்லா. அவள் கோயிலுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. ஆனாலும் கணக்கு மட்டும் அதிலேயே இருப்பதைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் என்னிடம் தமிழில் சண்டை போடுகிறவள், அந்த மியூசியத்தின் படியேறியதும் என்னிடமும் இங்கிலீஷில்தான் பேசுவாள். அங்கே அவள் என் மகள் இல்லை, ஆபீசர். நானும் யாரோ ஒரு சேலை கட்டிய பார்வையாளர் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வேன்.

3

எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் பெவர்லி என்று ஒருத்தி. என் வயதுதான். தனி ஆள். ஆயுசு முழுக்க ட்ராம் ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு ஸ்டெல்லாவின் பயிற்சியில் சேர்ந்தாள். முதல் பரீட்சையில் ஃபெயில். இன்னொரு தடவை எழுதலாம். எழுதுவது என்றா சொன்னேன்? நடப்பதும் பேசுவதும்தான். அதிலும் தவறினால் அவ்வளவுதான், அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

எதற்காக அவளுக்கு இந்த வில்லை மேல் இத்தனை ஆசை என்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அவளே சொன்னாள். அவள் பேசியது இங்கிலீஷ், நான் புரிந்துகொண்டது பாதி காதால், பாதி கையால். அதை நம் பேச்சில்தான் சொல்ல வரும்.

"ஆரோக்கியம், அம்புட்டு வருசமும் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எனக்காக ஆளுக நின்னாக. மழையில நின்னாக, என்னைய வஞ்சுக்கிட்டே நின்னாக. இப்ப இந்த ஊருல எனக்காக ஒரு ஆளு நிக்கலை."

சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, பக்கத்தில் நின்ற என் பேத்தி நான்சியைத் தமிழில் சொல்லச் சொன்னேன். அவள் பெவர்லி முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "சோகம், அம்மாச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேத்தியிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் சாப்பாட்டுக்கும் சோகத்துக்கும் போதும்.

பெவர்லிக்கு என்ன கோளாறு என்றால், அவளால் காத்திருக்க முடியாது. ட்ராம்காரி. நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வது போல மூச்சு விடாமல் அடுக்குவாள். நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போச்சு. திரும்பவும் முதலிலிருந்து. பிஷப் வருகிறார் என்று ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் மனப்பாடம் செய்ய வைப்போமே, பிஷப் கேள்வியை மாற்றிக் கேட்டதும் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்குமே, அதேதான்.

துணி துவைக்கும் அறையில் அவள் வாஷிங் மெஷினுக்கு முன்னால் நின்று ஒப்பிப்பதை நானே பார்த்தேன். மெஷின் ஒரு தடவை கீச்சென்றது. அதற்கும் அவள் தடுமாறி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

4

"நீ வந்து நில்லு, நான் உனக்குச் சொல்லிப் பழகுறேன்" என்று ஒரு நாள் பெவர்லி என்னை மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள். பரீட்சைக்காக அவள் எடுத்திருந்தவற்றில் ஒன்று மாதா சுரூபம்.

வியாகுல மாதா. மடியில் இறந்த மகன். மரத்தில் செய்தது. ஏதோ ஒரு ஊர்க் கோயிலில் பல தலைமுறை இருந்திருக்கிறாள், அப்புறம் கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்துவிட்டாள். என்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வர்ணம் பாதி உதிர்ந்து கிடந்தது. வலது காலில் விரல்கள் இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தது.

பெவர்லி மரம், நூற்றாண்டு, வர்ணம் என்று அடுக்கிக்கொண்டு போனாள். எனக்குக் காதில் விழவில்லை. கை தானாகப் போய்விட்டது. நம் கோயிலுக்குள் நுழைந்தால் யாரும் அனுமதி கேட்டுவிட்டா சுரூபத்தைத் தொடுகிறோம்? பாதத்தைத் தொட்டேன், விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தேன். அவ்வளவுதான். மேலே எங்கிருந்தோ மணி அலறியது. காவலாள் ஓடிவந்தான். பெவர்லி வெலவெலத்துப் போய், முதலிலிருந்து மரம், நூற்றாண்டு என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். காவலாளிடம் இங்கிலீஷில் ஏதோ மன்னிப்புச் சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தமிழ் வந்தது.

"அம்மா, இனிமே அங்க வந்தா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க. என் வேலைக்கு உலை வச்சிராதீங்க."

நான் உலை வைத்தே பிழைத்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

5

பரீட்சைக்கு முந்தின நாள் நம் கோயில் தேர்த் திருநாள். நம் தெரு ரோஸி வீடியோ கால் போட்டுக் காட்டினாள். தேர் வரும்போது எல்லாரும் உப்பும் மிளகும் எறிகிறார்கள். எனக்கு ஸ்டெல்லாவின் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஞாபகம் வந்தது. அந்த வருடம் நான் மாதாவின் காலடியில் ஒரு பொட்டலம் உப்பும் மிளகும் வைத்து நேர்ந்துகொண்டேன். பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவள் ஸ்டெல்லாதான். நல்ல மார்க் வாங்கினாள். நேர்த்தியால் என்பேன் நான். படித்ததால் என்பாள் அவள். இத்தனை வருடமாக இந்த வழக்கு முடியவில்லை. இப்போதும் ஏதாவது ஒன்றில் ஜெயித்தால், "இதுக்கும் மிளகு போட்டீங்களா?" என்று கேட்பாள்.

கீழ்வீட்டில் பெவர்லி சாப்பிடாமல் நடந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் நேர்ந்துகொள்கிறவளுக்கு இருந்தால் போதுமே.

கல் உப்பு தீர்ந்திருந்தது. பொடி உப்புதான் இருந்தது. மிளகும் முழுசாக இல்லை, ரசத்துக்கு இடித்து வைத்ததுதான் மிச்சம். சமயத்துக்கு இது போதும் என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். இங்கேதான் நான் கோட்டை விட்டேன், பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் மியூசியக் கதவைத் திறந்ததும் உள்ளே போன முதல் ஆள் நான். மாதாவின் முன்னால் தரையில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால்தான் மணி அடிக்கும். நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். ஓடுகிற தேரில், அத்தனை கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எறிந்து பழகிய கை இது. காவலாள் அந்தப் பக்கம் திரும்பினான். ஒரு வீச்சு. சரியாகப் பாதத்தடியில் போய் விழுந்தது. மணி மூச்சு விடவில்லை. "மாதாவே, பெவர்லி பாசாகணும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்தேன்.

6

பரீட்சை எழுதுகிறவர் தன் சார்பில் ஒரு விருந்தாளியைக் கூட்டிவரலாம். பெவர்லி என்னைக் கூட்டிவந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் முகம் போன போக்கைச் சொல்ல டீச்சரிடமும் தமிழ் இருக்காது.

மார்க் போடுகிறவர்கள் மூன்று பேர்: ஸ்டெல்லா, பழைய வழிகாட்டிகள் இரண்டு பேர். அதில் பீட்டர் என்பவர் ஒரு காலத்தில் கண் டாக்டர். வேடிக்கை பார்க்க வந்தவர்களில், மனைவி இழுத்து வந்ததால் வந்த ஒரு தடித்த மனிதர் இருந்தார். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு படங்களில் பெவர்லி கண்டக்டராகவே இருந்தாள். மூச்சு விடவில்லை. ஸ்டெல்லா பேனாவை மூடி மூடித் திறந்தாள். அது நல்ல சகுனம் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளைப் பெற்றவள் நான்.

மூன்றாவது, மாதா. பெவர்லி மரத்தைத் தாண்டி நூற்றாண்டுக்கு வரும்போது பீட்டர் குனிந்து பார்த்தார். கண் டாக்டர் இல்லையா. அவர் முகம் வெளிறிப் போனது. காவலாளைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். காவலாள் சட்டையில் மாட்டியிருந்த கருவியில் அவசரமாகப் பேசினான்.

விஷயம் இதுதான். மரத்தை உளு அரித்தால் வெள்ளையாக மாவு கொட்டும், பூச்சியின் எச்சம் கறுப்புத் தூளாகக் கிடக்கும். பொடி உப்பும் இடித்த மிளகும் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருந்தன. கல் உப்பாக இருந்திருந்தால் ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

மரச் சாமான் இருக்கும் மியூசியத்தில் பூச்சி என்றால், நம் ஊரில் அம்மை போட்ட வீடு மாதிரி. யாரும் உள்ளே வரக் கூடாது, யாரும் வெளியே போகக் கூடாது. செருப்பில் ஒட்டி அடுத்த அறைக்குப் போய்விடுமாம். சிலைகளுக்கு வைத்தியம் பார்க்கிற பெண் வரும்வரை அவரவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு. கதவைச் சாத்தினார்கள்.

பாசாக வேண்டும் என்று போட்ட உப்பே அவளை ஃபெயிலாக்கப் பார்க்கிறது. நான்தான் போட்டேன் என்று சொன்னால் மகள் வேலைக்குக் கேடு. சொல்லாவிட்டால் பெவர்லிக்குக் கேடு. ஹாஸ்டலில் வெல்லம் திருடின பிள்ளைகள் செய்வதைச் செய்தேன். மேல்கூரையைப் பார்த்தேன்.

பெவர்லி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மரம் என்றாள். நின்றுவிட்டது. இன்னொரு தடவை ஆரம்பித்தாள். அதுவும் நின்றது. அவள் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. ட்ராம் நடுவழியில் நின்றுபோனால் ஓட்டுகிறவள் என்ன செய்வாள்? உள்ளே இருக்கிற ஜனங்களைத் திரும்பிப் பார்ப்பாள். பெவர்லி திரும்பினாள். கையை விரித்தாள்.

"நீங்க என்ன பாக்குறீக?" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவளும் பேசவில்லை. எங்கே ஓடுவது, கதவுதான் சாத்தியிருக்கிறதே. நான் மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்தேன். இன்னொன்றும் சொன்னேன். மூன்றாவதின் பாதியில், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தடித்த மனிதர் முதல் தடவையாகச் சிலையைப் பார்த்தார்.

"கால் விரலைக் காணோமே" என்றார்.

"எங்க போயிருக்கும்?" என்றாள் பெவர்லி. திரும்பவும் காத்திருந்தாள்.

பூச்சி தின்றிருக்கும் என்றார் ஒருவர். உடைந்திருக்கும் என்றார் இன்னொருவர். தடித்த மனிதர் தலையை ஆட்டினார். அவர் வீட்டு மாடிப்படியின் கைப்பிடி இப்படித்தான் தேய்ந்திருக்கிறதாம். இது தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது என்றார்.

"எதுக்குத் தொட்டிருப்பாக?"

என் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையும் நமநமவென்று அரித்தன. பெவர்லி என்னைப் பார்க்கவில்லை, அது அவள் நல்ல குணம். ஆனால் வேறொருத்தி பார்த்தாள்.

ஸ்டெல்லா கோடு வரைக்கும் வந்தாள். குனிந்தாள். மூக்கை உறிஞ்சினாள். அடுத்த நொடி, அந்தப் பெரிய அறை அதிரும்படி ஒரு தும்மல். நிமிர்ந்தவள் நேராக என்னிடம் வந்தாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் வாயிலிருந்து முதல் முதலாகத் தமிழ் வந்தது.

"அம்மா, உப்பும் மிளகுமா?"

"ஆமாடி."

"பொடி உப்பா போட்டீங்க?"

"கல் உப்பு தீந்துபோச்சுடி. நீதான் வாங்கிட்டு வாரேன்னு சொன்ன."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். இனி இங்கிலீஷில் என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் செபமாலையைத் தேடினேன். அவள் எல்லாரையும் பார்த்துத் திரும்பி, இது பூச்சி இல்லை, சமையலறைச் சாமான், போட்டது என் அம்மா என்றாள். எங்கள் ஊரில் ஒன்றை ரொம்பவும் ஆசைப்பட்டுக் கேட்கும்போது இப்படித்தான் வைப்போம் என்றாள். வைப்பார்கள் என்று சொல்லவில்லை. வைப்போம் என்று சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது. என் இங்கிலீஷுக்கு அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது, ஆனாலும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெவர்லி இப்போது என்னைப் பார்த்தாள். என்ன கேட்டு வைத்தாய் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவசரப்படாமல், கண் கொட்டாமல் காத்திருந்தாள். அறை முழுக்கக் காத்திருந்தது. இத்தனை பேர் என் ஒரு வார்த்தைக்காக நின்றது அந்த ஒரு தடவைதான். என் சொந்த இங்கிலீஷில் சொன்னேன்:

"பெவர்லி பாஸ்."

முதலில் சிரித்தது அந்தத் தடித்த மனிதர். பெவர்லி சிரிக்கவில்லை. மாதாவின் பக்கம் திரும்பிக்கொண்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சிலை வைத்தியம் பார்க்கிற பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு, கையுறை, சின்ன பிரஷ், சாமணம். மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்பு பட்டது கல் பீடத்தில்தான், மரத்தில் இல்லை. அவள் ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடி, என்னவோ எழுதி ஒட்டினாள்.

7

ஸ்டெல்லா, போட்டது என் அம்மா, அதனால் நான் மார்க் போட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் பெவர்லியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் கை இன்னும் பின்னாலேயே இருந்தது. அவள் அதைப் பிரித்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பீட்டர்தான் வந்து சொன்னார். முதல் இரண்டு படத்துக்கும் மார்க் மோசம். மூன்றாவதில், மனைவி இழுத்து வந்த ஆளைக்கூடப் பேச வைத்துவிட்டாள். பாஸ்.

வீட்டில் எனக்குக் கிடைத்தது வேறு. ஸ்டெல்லாவுக்கு நிஜமான கோபம் வந்தால் வீட்டிலும் இங்கிலீஷ்தான். ஒரு வாரம் இங்கிலீஷ். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாராம். ஒரு படிவம் வேறு நிரப்பச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். நடந்தது என்ன, எந்தப் பொருள், எந்த நோக்கத்துக்காக என்று வரிசையாகக் கேள்வி. நோக்கம் என்ற இடத்தில் அவள் பேனா ரொம்ப நேரம் நின்றது. மீண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கடைசியில் ஒரு கேள்வி. "அம்மாவிடம் பேசுவேன்" என்று எழுதினாள். நான்சி படித்துச் சொன்னாள். அந்தப் பேச்சுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

கோபம் தணிந்த அன்று பழைய வழக்கு திரும்ப எழுந்தது. பெவர்லி பாசானது காத்திருந்ததால் என்றாள் மகள். அவளைக் காத்திருக்க வைத்தது எது என்று கேட்டேன். கதவைச் சாத்தியது என்றாள். கதவைச் சாத்த வைத்தது எது என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள். மறுநாள் கடையிலிருந்து வந்தவள் கல் உப்பு ஒரு பை வாங்கி வந்து மேசையில் பொத்தென்று வைத்தாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் பெவர்லி ஆட்களைக் கூட்டிப் போகிறாள். மியூசியப் படிக்குக் கீழே ஜனங்கள் அவளுக்காக நிற்கிறார்கள். சில நாள் மழையிலும் நிற்கிறார்கள். அவள் வேண்டுமென்றே கொஞ்சம் பிந்தி வருகிறாள் என்பது என் சந்தேகம். நானும் போய் நிற்பேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

8

இனி நீங்கள் குழாயடியில் கேட்டது. நேரில் வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது தெரியும், வராதவர்களுக்காகச் சொல்கிறேன்.

போன மாதம் மதுரைக்கு வந்தபோது, பெட்டியை இறக்கி வைக்கக்கூட விடாமல் ரோஸி கேட்டாள், "யக்கா, அந்த ட்ராம்காரி பாசாயிருச்சா?" பாசாகிவிட்டாள் என்றேன். உப்பு போட்டதையும் சொன்னேன். மணி அடித்ததையும், கதவு சாத்தியதையும், மகளிடம் ஒரு வாரம் இங்கிலீஷ் வாங்கியதையும் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்ட ஒரு பெண் வந்து, என் உப்பையும் மிளகையும் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு, பெயர் எழுதி, உள்ளே கொண்டுபோய் வைத்தாள் என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா?

"அம்புட்டு மரியாதையா?" என்றாள் ரோஸி.

"பின்னே? இங்க நீங்க போடுற உப்பைக் கூட்டி அள்ளி மூலையில குமிக்கிறாக. என் உப்பு மியூசியத்துல இருக்குடி."

அதன் பலன் மறுநாள் காலையில் தெரிந்தது. வாசலில் ஆள் ஆளுக்கு ஒரு பொட்டலம். ரோஸி மகனுக்கு வேலை. செல்விக்கு மூட்டு வலி. பின்வீட்டுப் பெண்ணுக்கு வரன். எல்லாருக்கும் அந்த மாதாதான் வேண்டுமாம், அவள்தான் உடனே கேட்கிறாளாம். பொட்டலங்களை எல்லாம் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் விமானத்தில் போக வேண்டுமாம்.

பொட்டலங்களைக் குழாயடிக்கே எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். இதையெல்லாம் நம் கோயிலிலேயே போடுங்கள், அந்த மாதா இப்போது உப்பு வாங்குவதில்லை என்றேன். அப்படியானால் அவளுக்கு என்னதான் காணிக்கை என்று விடாமல் கேட்டார்கள். அப்போது சொன்னதுதான் இது:

"அவ முன்னால போயி நிக்கணும். ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கேட்டுட்டு, பதிலு வார வரைக்கும் வாயைத் தொறக்காம நிக்கணும். அம்புட்டுத்தான் காணிக்கை. ஒரு ட்ராம்காரிக்கே அதுக்கு ஒரு வருசம் ஆச்சு. உங்க ஒருத்தியாலயும் ஆகாதுடி, போயி தண்ணியப் பிடிங்க."